மலைமேல் ஒரு பொதுச் சொற்பொழிவு: கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

சமவெளிக் கல்லூரியில் சொற்பொழிவு ஏற்பாடு செய்பவர் முதலில் பேச்சாளரைப் பிடிப்பார், அப்புறம் மண்டபம், அப்புறம் அழைப்பிதழ். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ அந்த வரிசை எடுபடாது. இங்கே முதல் வேலை, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பரைப் பார்ப்பது. மன்னவனூருக்குக் கடைசி வண்டி எத்தனை மணி, பூம்பாறைக்கு எத்தனை மணி, தாண்டிக்குடிப் பக்கம் போகிறவர்கள் எதைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். மழை பெய்தால் ஒரு டிரிப் குறையும் என்பது டைம் கீப்பருக்குத்தான் தெரியும்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் எனக்குத் தமிழ்த்துறை வேலை, ஊட்டி இருக்கும் நீலகிரியில் நண்பர்கள். இரண்டு பக்கமும் சின்னதும் பெரியதுமாகப் பல கூட்டங்கள் நடத்தியும் நடத்த உதவியும் இருக்கிறேன். மொழி, வரலாறு, இலக்கியம், இசை என்று கலைத் துறைகள் சார்ந்த பேச்சு, அதோடு சேர்ந்த கலை நிகழ்ச்சி, இவற்றை வளாகத்துக்குள் வைத்து ஊர்க்காரர்களையும் உள்ளே வரவழைப்பது எப்படி என்பதுதான் விஷயம். இரண்டு மலைகளிலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊட்டியில் 1955-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி. மண்டபங்கள் எல்லாம் உண்டு, நாற்காலிகள் நிரம்புவதுதான் பாடு.

1. யார் வரவேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்

"பொதுமக்கள் அனைவரும் வருக" என்று அழைப்பிதழில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். அந்த வார்த்தை யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் உண்மையான ஆட்களை எழுதுங்கள்: வில்பட்டியில் பூண்டு போடும் விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், ஏரிக்கரை வழிகாட்டிகள், விடுதிகளில் வேலை பார்க்கும் பையன்கள், ஓய்வுபெற்று மலையில் தங்கிவிட்டவர்கள், வனத்துறை வாட்சர்கள், பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து நான்கு பேர். ஊட்டி என்றால் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள், படுகர் ஊர்ப் பெரியவர்கள், மார்க்கெட் வியாபாரிகள். இந்தப் பட்டியலில் மூன்று வகை ஆட்களையாவது குறிவைத்துத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். மாணவர்களை எண்ண வேண்டாம். வருகைப்பதிவு இருக்கிறது, வந்துவிடுவார்கள்.

2. தலைப்பு

இதில் நேரம் செலவழியுங்கள். "பின்நவீனத்துவ நோக்கில் குறிஞ்சித்திணை" என்று போட்டால் மைக் ஆபரேட்டரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதே பேச்சாளர், அதே சரக்கு, "கபிலர் சொன்ன 99 பூக்களில் நம் மலையில் எத்தனை?" என்று போட்டுப் பாருங்கள். குறிஞ்சிப்பாட்டு தெரியாதவருக்கும் பூ தெரியும்.

மலைக்காரர்களிடம் எடுபடக்கூடிய விஷயங்கள் நிறைய உண்டு. நான் திரும்பத் திரும்பப் போகும் சில கிணறுகளைச் சொல்கிறேன்.

பழனி மலையின் கற்திட்டைகள், அதாவது பெருங்கற்களை நிறுத்திக் கட்டிய பழங்காலச் சின்னங்கள். ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இந்த மலையின் கல்வீடுகளை நடந்து நடந்து அளந்து எழுதியதை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அவர்கள் பார்த்த கற்களில் சிலவற்றின் மேல் இன்று காபி காயப்போடுகிறார்கள். தாண்டிக்குடிக்காரர் ஒருவர் எழுந்து "எங்க தோட்டத்துலயும் ஒண்ணு இருக்குங்க" என்று சொல்லும் கணம், பேச்சாளரின் ஒரு மணி நேரத்துக்குச் சமம்.

நீலகிரியின் மொழிகள். தோடர் மொழி, கோத்தர் மொழி, படுகு, குறும்பர் மொழி, இருளம் என்று ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை திராவிட மொழிகள். மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரிக்கு வந்து கேட்டு எழுதியவை "கோத்தர் நூல்கள்" என்று 1944 முதல் 1946 வரை வெளிவந்தன. தோடர் பாடல்கள் 1971-இல் வந்தன. இன்னொரு மொழியியலாளரான பரோவோடு சேர்ந்து எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-இல் வந்தபோது, இந்த மலைமொழிகளின் சொற்கள் தமிழ், கன்னடத்துக்குப் பக்கத்தில் சரிசமமாக உட்கார்ந்தன. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். அன்றைக்குத் தமிழின் பெருமையைப் பேச ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. ஊட்டியில் அன்றைக்குப் பேச வேண்டியது இந்த மொழிகளைப் பற்றி.

இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் கதை. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள். கோத்தகிரி, கூடலூர், குந்தா பக்கம் பிள்ளைகளைக் கேட்டால் தாத்தா பிறந்த ஊர் கண்டி, நுவரெலியா என்பார்கள். இந்தத் தலைப்பில் வெளியூர்ப் பேராசிரியரைத் தனியாக மேடையேற்றாதீர்கள். பக்கத்தில் கப்பலில் வந்த ஒரு பாட்டி உட்கார வேண்டும். பேராசிரியர் ஒப்பந்தத்தைச் சொல்லட்டும், பாட்டி, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த முகாமைச் சொல்லட்டும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம், மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் ஏறிய ரயில், இவையும் நல்ல தலைப்புகள். ஆனால் இவற்றுக்குச் சுற்றுலாக் கூட்டம் வரும், ஊர்க்கூட்டம் குறையும். என் கணக்கில் இவை இரண்டாம் வரிசை.

அப்புறம் 2030. 2006-இல் பூத்த நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அந்த வருடம் மலை முழுக்க வண்டியாக இருக்கும், எந்தப் பேச்சும் யார் காதிலும் விழாது. குறிஞ்சி பற்றிய தொடர் நடத்துவதாக இருந்தால் 2029-இலேயே முடித்துவிடுங்கள்.

3. தேதியும் நேரமும்

தொல்காப்பியர் குறிஞ்சிக்குச் சொன்ன பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு. களவுக் காதலுக்கு அது சரி. கூட்டம் நடத்துகிறவருக்குக் கூதிரும் ஆகாது, யாமமும் ஆகாது. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை; அப்போதுதான் பழனி மலைக்குப் பெருமழை. மரம் விழும், மண் சரியும், வத்தலக்குண்டு ரோடு அடைபடும். நீலகிரியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை போட்டு எடுக்கும். ஏப்ரல், மே சீசன். மலர்க் கண்காட்சி, கோடை விழா, ரோட்டில் நகர முடியாத வண்டிகள். ரூம் வாடகையைக் கேட்டாலே உங்கள் பட்ஜெட் தீர்ந்துவிடும். மாணவர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள்.

மிச்சம் இருப்பது ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை. குளிர் உண்டு, ஆனால் வானம் தெளிவாக இருக்கும். பெரிய நிகழ்ச்சி எதுவானாலும் இந்த ஏழெட்டு வாரத்துக்குள் வையுங்கள். அதிலும் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்க்க வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம், பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். நீலகிரியில் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் படுகர்களுக்கு ஹெத்தையம்மன் திருவிழா, கோத்தர்களுக்குக் கம்பட்டராயர் திருவிழா, தோடர்களுக்கும் முத்தநாடு மந்து என்ற அவர்கள் குடியிருப்பில் விழா. அந்த வாரங்களில் அவர்களை மேடைக்குக் கூப்பிடுவது, பொங்கலன்று உங்களைத் தேர்வுப் பணிக்குப் போடுவது மாதிரி.

நாள் முடிவானதும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கடைசி பஸ் 5.45 என்று வைத்துக்கொள்வோம். வளாகத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு அரை மணி. ஆகவே 5 மணிக்கு எல்லோரும் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். கேள்வி நேரம் 4.30-க்கு முடிய வேண்டும். பேச்சு 3 மணிக்குத் தொடங்கியாக வேண்டும். அதற்கு முன் டீ, 2.30. இதற்கு மேல் ஒரு நிமிடம் தள்ளினாலும் இரண்டு விஷயம் நடக்கும். பெண்களும் வயதானவர்களும் பாதியில் எழுவார்கள். இருட்டில் நடந்து போகிறவர்கள் வழியில் காட்டெருமையைச் சந்திப்பார்கள். கொடைக்கானலிலும் குன்னூரிலும் இது வேடிக்கைப் பேச்சில்லை. கோத்தகிரி என்றால் கரடி, கூடலூர் என்றால் யானை. "மாலை 5 மணி அளவில்" என்று அழைப்பிதழ் அடிப்பவர்கள் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

4. கோப்பு, பணம்

பல்கலைக்கழகத்தில் எதுவும் கோப்பில்லாமல் நகராது. துறைத்தலைவர் குறிப்பு எழுதி, பதிவாளர் வழியாக நிதி அலுவலர் மேசைக்குப் போய்த் திரும்ப 45 நாள் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் மூன்று வாக்கியம் முதலிலேயே இருந்தால் பிறகு வதைபடமாட்டீர்கள்: வெளியாட்களுக்கு அனுமதி உண்டு, கருத்தாளர்களுக்கு மதிப்பூதியம் உண்டு, சிறு செலவுகளுக்கு முன்பணம் வேண்டும்.

நிலையான பணத்துக்குச் சிறந்த வழி அறக்கட்டளைச் சொற்பொழிவுதான். ஒரு குடும்பமோ பழைய மாணவர்களோ ஒரு தொகையை வைப்பு நிதியில் போட, வட்டியில் வருடம் ஒரு பேச்சு. 2 லட்சம் ரூபாய் வைத்து 7 சதவீத வட்டி என்றால் வருடம் 14,000. பேச்சாளர் பயணம், தங்கல், மதிப்பூதியம், நூறு பேருக்கு டீ, துணி பேனர் எல்லாம் இதற்குள் இழுத்துப் பிடித்து முடிக்கலாம். அறக்கட்டளை தருபவரிடம் ஒரு நிபந்தனை மட்டும் மறுத்துவிடுங்கள்: தன் தாத்தாவின் வாழ்க்கை வரலாற்றை ஒவ்வொரு வருடமும் அரை மணி நேரம் படிக்க வேண்டும் என்பது. இரண்டு நிமிடம் கொடுக்கலாம்.

மதிப்பூதியத்தில் ஒரு சிக்கல் வரும். வெளியூர்ப் பேராசிரியருக்கு எளிதாகப் பணம் ஒப்புதலாகும். பளியர் முதியவருக்கோ கொள் என்ற ஊதுகுழல் வாசிக்கும் கோத்தருக்கோ "கல்வித் தகுதி?" என்று கேட்டுக் கோப்பு திரும்பும். முதல் குறிப்பிலேயே இருவரையும் "கருத்தாளர்" என்று ஒரே சொல்லால் எழுதி ஒரே தொகை போடுங்கள். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக் கையில் கொடுக்க அப்போதே ஒப்புதல் கேளுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை வில்லை ஒட்ட வேண்டும். அந்த வில்லை தேவைப்படும் நேரத்தில் ஒருபோதும் கிடைக்காது. பத்து வாங்கி மேசையில் போட்டுவையுங்கள்.

5. பேச்சாளரை மேலே ஏற்றுவது

அழைப்புக் கடிதம் எட்டு வாரம் முன்னால் போக வேண்டும். கடிதத்தில் ஒரு கோரிக்கை சேருங்கள்: "இந்த மலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டாவது." பெரும்பாலானவர்கள் அதற்காகவே கொஞ்சம் படித்துவிட்டு வருவார்கள்.

முதல் நாளே வந்து தங்கச் சொல்லுங்கள். கொடை ரோடு ஸ்டேஷனில் காலை இறங்கி, 80 கிலோமீட்டர் வளைவில் வளைந்து ஏறி, 2,100 மீட்டர் உயரத்தில் உடனே மேடையேறுபவர் முதல் இருபது நிமிடம் முகம் வெளிறி நிற்பார். வெளியூர்க் காரில் வருபவருக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் இரண்டு மலைக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. வண்டி எண்ணை வாங்கி நீங்களே எடுத்து அனுப்பிவிடுவது நல்லது. பஸ்ஸில் வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மைசூர்ப் பக்கத்திலிருந்து வருபவரிடம் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்று முன்னாடியே சொல்லுங்கள். மலை ரயிலில் வந்து இறங்க ஆசைப்படுபவரைத் திரும்பும்போது ஏறச் சொல்லுங்கள். மழை, மண்சரிவு என்று அது எப்போது நிற்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது.

விருந்தினர் அறையில் இரண்டாவது கம்பளி இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். சால்வை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. மயிலுக்குக் குளிருமே என்று போர்வையைக் கொடுத்த பேகன் ஆண்ட மலை இது. இங்கே வந்து நடுங்குகிறவருக்கு, எதற்கும் உதவாத சரிகைப் பொன்னாடையைப் போர்த்தி அனுப்புகிறோம். அதே காசுக்கு ஒரு கம்பளி மப்ளர் வாங்கலாம். ஊட்டியில் என்றால் தோடர் பூத்தையல் போட்ட சின்னத் துணி. அந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. செய்த பெண்ணிடமே நேரில் வாங்குங்கள்.

6. கேட்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலாகப் பொறுப்பேற்ற கூட்டம், மலைப்பூண்டு விவசாயத்தின் வரலாறு பற்றியது. கவுஞ்சியிலிருந்து எட்டுப் பேர் ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். வாசலில் இருந்த காவலர் அடையாள அட்டை கேட்டார். எந்தத் துறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவர்களுக்கு என் பெயர் தெரியாது, மண்டபத்தின் பெயரும் தெரியாது. "பூண்டு கூட்டம்" என்றார்கள். அப்படி ஒரு கூட்டம் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே நாங்கள் மேடையில், விவசாயிகளுக்கு வரலாற்றில் ஆர்வமில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் சந்தையில் அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சார், உங்க கூட்டத்துக்கு நாங்க வந்தோம், கூட்டந்தான் வரல" என்றார்.

காவலர் மேல் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்று முதல் செய்வது இதுதான். இரண்டு நாள் முன்பே எழுத்தில் ஒரு சுற்றறிக்கை காவலர் அறைக்குப் போகும், இரண்டு ஷிப்டுக்கும். கேட்டிலேயே ஒரு மேசை, ஒரு நோட்டு, இரண்டு மாணவர்கள். மாணவர் ஒருவர் படுகு பேசுபவராகவோ பளியர் குடியிருப்பைத் தெரிந்தவராகவோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. மகளிர் வளாகம் என்றால் ஆண்கள் எந்தப் பாதையில் வர வேண்டும், எங்கே உட்கார வேண்டும், விடுதிப் பக்கம் போகக்கூடாது என்பதை வாசலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றே கட்டம். ஆதார் எல்லாம் கேட்காதீர்கள்.

7. ஊருக்குச் சொல்வது

பதினான்கு பேர் பெயரும் எட்டுப் புகைப்படமும் உள்ள அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் பெரிதாக்கிப் படிப்பதில்லை. அந்த அழைப்பிதழ் உள்ளே இருப்பவர்களுக்கானது, அதில் பெயர் வரிசைச் சண்டை தனிக் கதை. வெளியாட்களுக்கு வேறொன்று செய்யுங்கள். ஒரே தாள், பெரிய எழுத்து, ஐந்து தகவல்: என்ன, என்றைக்கு, எங்கே, யாரும் வரலாம் காசில்லை, எந்த பஸ்ஸில் திரும்பலாம். ஐந்தாவதைப் படித்துவிட்டுத்தான் வீட்டில் அனுமதி கிடைக்கும். கீழே ஒரு மூலையில் "டீ உண்டு."

ஒட்ட வேண்டிய இடம் டீக்கடை, ரேஷன் கடை, பால் சங்கம், பஸ் ஸ்டாண்டு, சந்தை வாசல். ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச்சில் ஓர் அறிவிப்பு வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளிவாசலிலும் கோயில் கமிட்டியிலும் கேட்டால் சொல்வார்கள். கொடைக்கானலில் இருந்தால் 100.5 பண்பலைக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கடிதம் கொடுங்கள். அந்த ஒலி மலையைத் தாண்டிப் பல மாவட்டம் போகும், மலைக்குள்ளும் டிரைவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். வாட்ஸ்அப்பில் படத்துக்குப் பதிலாக முப்பது விநாடிக் குரல் பதிவு அனுப்புங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம், பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு உள்ள மலையில் நீங்களே அதைத் தொங்கவிடுவது அசிங்கம். துணி பேனரில் தேதி எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் ஓடும்.

பழங்குடிக் குடியிருப்புகளுக்கு மட்டும் தாள் போதாது. நேரில் போய், உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, யாராவது ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். வருவதாக அவர் சொன்னாலும் வண்டி அனுப்ப வேண்டும்.

8. மண்டபம்

மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும். ஜன்னலைத் திறந்தால் உள்ளே வரும், புரொஜெக்டர் கண்ணாடியில் படியும். துடைக்கத் துணி வையுங்கள். தகரக் கூரை என்றால் மழை வந்ததும் மைக் பயனில்லை. அந்த நேரத்துக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேச்சாளரை நடுவில் உட்காரவைப்பதுதான் ஒரே வழி, அதற்குத் தோதாக நாற்காலிகளைக் கட்டிப் போடாமல் வையுங்கள். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு, அதில் டீசல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முன்வரிசை சோபாக்களை எடுத்துவிடுங்கள். வி.ஐ.பி. வராத அன்று அவை காலியாகக் கிடந்து மொத்தக் கூட்டத்தையும் சோர்வாகக் காட்டும்.

டீயை முடிவில் தராமல் தொடக்கத்தில் தாருங்கள். குளிரில் வருபவருக்குக் கை சூடேற வேண்டும், நேரத்துக்கு வரவும் ஒரு காரணம் கிடைக்கும். சுக்குக் காபியும் ஊட்டி என்றால் வர்க்கியும் போதும். எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும்.

9. அந்த இரண்டு மணி நேரம்

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. வரவேற்பு மூன்று நிமிடம். பேச்சாளர் அறிமுகம் இரண்டு நிமிடம், ஒரே ஒருவர். பேச்சு 45 நிமிடம். கேள்வி 30 நிமிடம். நன்றி இரண்டு நிமிடம், நாட்டுப்பண். தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை, ஏற்புரை எல்லாவற்றையும் சேர்த்து மேலதிகாரிகளிடம் ஐந்து நிமிடம் மட்டும் கேளுங்கள். அதைக் கேட்பது கஷ்டம்தான். "சார், கடைசி பஸ்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். பதவியைவிடப் பஸ்ஸுக்கு மலையில் மரியாதை அதிகம்.

பேச்சாளர் ஆங்கிலத்தில் பேசுபவர் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரு மாணவி இரண்டு நிமிடம் தமிழில் சுருக்கிச் சொல்லட்டும். முதல் நாளே அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம், கேட்பவர் இரண்டையும் இழப்பார்.

கேள்வி நேரத்தில் முதல் மூன்று வாய்ப்பு வெளியாட்களுக்கு. மைக்கைப் பார்த்தால் கூச்சப்படுபவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுங்கள், எழுதத் தெரியாதவருக்கு மாணவர் எழுதித் தரட்டும். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து "கேள்வி இல்லை, ஒரு சிறு கருத்து" என்று தன் சொற்பொழிவைத் தொடங்குவார். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர், பெரும்பாலும் நல்லவர். "ஐயா, உங்களை அடுத்த மாசம் தனியாவே பேச வைக்கிறோம்" என்று சொல்லி மைக்கை வாங்குங்கள். சொன்னபடி ஒருமுறை பேசவும் வையுங்கள், எனக்கு அப்படி இரண்டு நல்ல பேச்சாளர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

10. கலை நிகழ்ச்சி

மலைக் கல்லூரிகளில் பழக்கம் ஒன்று உண்டு. அமைச்சரோ துணைவேந்தரோ வரும்போது வாசலில் பழங்குடிக் கலைஞர்களை ஆடவைத்து, புகைப்படம் எடுத்து, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவது. அதைச் செய்வதைவிட நிகழ்ச்சியே வைக்காமல் இருக்கலாம்.

கூப்பிடுவதற்கு முன் எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக்கூடாது என்று அவர்களிடம் கேளுங்கள். கோத்தர் இசையில் தெய்வச் சடங்குக்கான மெட்டுகள் வேறு, சாவுச் சடங்குக்கானவை வேறு. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வாசிக்க மாட்டார்கள். மேடைக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டியது அவர்கள், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் அல்ல. தோடர் பாடல் சொற்றொடர்கள் இணை இணையாக வரும் அமைப்புடையது. வெறுமனே பாடவிட்டால் பார்வையாளருக்கு ஒரு ஓசையாகத்தான் போகும். பாடியவரே பாடி முடித்து, ஒவ்வொரு இணையும் எதைக் குறிக்கிறது என்று சொன்னால் அதுவே நல்ல இலக்கியச் சொற்பொழிவு.

எமனோவுக்கும் மானுடவியலாளர் மேண்டல்பாமுக்கும் கோத்தர் வாழ்வை முக்கியமாகச் சொல்லித் தந்தவர் சுள்ளி என்ற கோத்தர்தான். அவர் உட்கார்ந்து சொன்னதால்தான் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை வாசலில் ஆட நிறுத்திவிட்டு, உள்ளே மேடையில் வேறொருவர் அவர்களைப் பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் மேடையில் நாற்காலியில் உட்கார வேண்டும். அவர்கள் பெயர் அழைப்பிதழில் "குழுவினர்" என்று இல்லாமல் பெயராகவே வர வேண்டும்.

பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே சம்மதம் கேட்டு, வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிடுங்கள். சம்மதித்தால் ஒரு பிரதி பென்டிரைவில் போட்டு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். யூடியூபில் ஏற்றுவதற்குத் தனிச் சம்மதம் வேண்டும், இரண்டும் ஒன்றல்ல.

11. முடிந்த பிறகு

அலுவலகத்துக்கு ஜியோடேக் போட்ட போட்டோ நான்கு, வருகைப்பட்டியல், ஒரு பக்க அறிக்கை. இது அன்று இரவே முடிய வேண்டிய வேலை, தள்ளிப்போட்டால் கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முதல் நாள் இரவு உட்கார வேண்டியிருக்கும். மதிப்பூதியம் ஒரு வாரத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், மலையேறி வந்த கலைஞருக்கு அன்றைக்கே.

கேட்டில் எழுதிய நோட்டை அலமாரியில் வைக்காதீர்கள். அதிலுள்ள நம்பர்களுக்கு மறுவாரம் போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: அடுத்து என்ன பேசலாம்? ஒருமுறை எனக்கு வந்த பதில்களில், பண்ணைக்காட்டுப் பக்கத்து ஆரஞ்சுத் தோட்டங்கள் என்ன ஆயின, பழைய கழுதைப் பாதை எது, எங்க ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்பவை இருந்தன. மூன்றுமே அடுத்த வருடத் தொடராகின. தொடராக வைப்பதும் முக்கியம். மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை என்று நாள் நிலைத்துவிட்டால் நான்காவது மாதத்திலிருந்து தாள் ஒட்டாமலே சிலர் வருவார்கள்.

அன்றைய தினத்தின் கடைசி வேலை ஒன்று மிச்சம். நன்றியுரை முடிந்ததும் விருந்தினரோடு போட்டோ எடுக்க எல்லோரும் மேடைக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். கேட்டுக்குப் போய் நில்லுங்கள். நோட்டில் உள்ள ஊர்களைப் பார்த்து, பூம்பாறைக்காரர் ஏறிவிட்டாரா, தாண்டிக்குடிப் பாட்டிக்கு ஜீப் வந்ததா என்று ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். பஸ் போய்விட்டிருந்தால் அதற்கென்று முன்பணத்தில் தனியாக எடுத்துவைத்த 1,500 ரூபாய் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.